ஹீட்டர் பிளக் போயிருக்கிறதா? குளிர்காலக் காலையில் எடுக்காத டீசல் வண்டி

கேள்வி, 2023 டிசம்பர் 9

கோத்தகிரியில் இருக்கிறேன். 2013 மாடல் டீசல் கார், நான்கு சிலிண்டர், காமன் ரெயில். நவம்பர் கடைசியிலிருந்து காலையில் ஐந்தாறு தடவை செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்ததும் வெள்ளைப் புகை. ஒரு நிமிடம் வண்டி உதறுகிறது. அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. சாவி போட்டதும் அந்தச் சுருள் விளக்கு எரிந்து உடனே அணைந்துவிடுகிறது. விளக்கு எரிவதால் ஹீட்டர் பிளக் நன்றாக இருக்கிறது, இன்ஜெக்டரைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா சார்?

டிசம்பர் 9, இரவு

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது) வரை போவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்த விளக்கு. ஹீட்டர் பிளக் என்பது, குளிர்ந்த என்ஜின் எடுக்க ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சூடேற்றும் சின்ன மின் கம்பி. அது சூடாகிவிட்டது என்று விளக்கு சொல்வதில்லை. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, இத்தனை நொடி காத்திரு என்று ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போடும் கணக்கு அது. நான்கு பிளக்கையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுச் சாவி போட்டாலும் பல வண்டிகளில் விளக்கு அதே மாதிரிதான் எரிந்து அணையும். ஆகவே விளக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காலையில் மட்டும் தொந்தரவு, வெள்ளைப் புகை, எடுத்ததும் உதறல். இந்த மூன்றும் சேர்ந்தால் என் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான். நான் ஊட்டியில் இருக்கிறேன். 2012 மாடல், 1.3 லிட்டர் டீசல். ஒரு வாரமாக என் வண்டியும் இதே பாட்டைத்தான் பாடுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஒரு டெஸ்ட் லேம்ப் எடுங்கள். 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், போதும். என்ஜின் ஆஃப். பிளக் மேல் இருக்கும் வயர்த் தொப்பியைக் கழற்றுங்கள். லேம்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பிளக் தலையில். பல்பு எரிந்தால் உள்ளே சுருள் அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. அப்புறம் கழற்றிய தொப்பியில், சாவி போட்டதும் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

டிசம்பர் 10

அடிப்படையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறோம். உள்ளே இழுக்கும் காற்று 30 டிகிரியில் இருப்பதற்கும் 3 டிகிரியில் இருப்பதற்கும் வித்தியாசம் வெறும் 27 டிகிரி என்று தோன்றும். அமுக்கி முடிக்கும்போது அது கணக்குப்படி 70 டிகிரி அளவுக்குப் பெரிதாகிவிடும். குளிரில் பேட்டரியும் சோர்ந்துபோகும், என்ஜின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். கிராங்க் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியவும், அதன் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும்.

நம் ஊருக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அமுக்கக் கிடைக்கும் காற்றே குறைவு. மேட்டுப்பாளையத்தில் இரண்டு பிளக் போனாலும் வண்டி ஒன்றும் தெரியாத மாதிரி எடுக்கும். அதே வண்டி இங்கே டிசம்பர் காலையில் அழும். அதனால்தான், 'கீழே கொண்டுபோய்க் காட்டினேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்' என்ற கதையைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு, 30 டிகிரி வெயிலில், ஐம்பது கிலோமீட்டர் ஓடிவந்த சூட்டோடு நிற்கும் வண்டியில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

டிசம்பர் 12

கோத்தகிரி நண்பர் புகையின் வாசம் பற்றி எழுதியிருக்கிறார்: பச்சை டீசல் நெடி, கண் எரிகிறது. நல்லது, அதைத்தான் கேட்க நினைத்தேன். அது எரியாத டீசல். இனிப்பான வாசம் வந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில்.

இன்ஜெக்டர் விஷயத்துக்கும் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப்பையும் ஒரே அளவுள்ள நான்கு சின்ன பாட்டிலில் விட்டு என்ஜினை ஓட விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் சந்தேகத்துக்குரியது. அப்படிக் கசிவது முற்றிப்போன வண்டிகள் பெரும்பாலும் சூடாக இருக்கும்போதும் எடுக்கத் திணறும். உங்கள் வண்டி மதியம் ஒரே அடியில் எடுக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு இன்ஜெக்டருக்கும் பணம் கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிசம்பர் 15

என் வண்டியில் பார்த்தாயிற்று. காலை ஆறே முக்கால், 4 டிகிரி. விரல் மரத்துப்போய்த் தொப்பிகளைக் கழற்றவே கால் மணி நேரம் ஆனது. லேம்ப் 1, 2, 4-இல் எரிந்தது. 3-இல் எரியவில்லை. மல்டிமீட்டரில் 0.7, 0.8, திறந்த சர்க்யூட், 0.8 ஓம். மூன்றாவது போய்விட்டது, மற்றவை சரி. தொப்பியில் 12.3 வோல்ட் வருகிறது. ஆக ரிலேயும் (பிளக்குக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) வயரிங்கும் சரி.

மீட்டர் பற்றி ஒரு சொல். இவ்வளவு சின்ன ஓம் அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். என் மீட்டர் அதற்கே 0.3 காட்டுகிறது. அதைக் கழித்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 17

முந்தாநாள் 'மற்றவை சரி' என்று எழுதியதை ஓரளவு திருத்த வேண்டும்.

சோலார் பேனல் பொருத்தும் நண்பரிடம் டிசி கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தது. வாங்கிவந்து ஒவ்வொரு பிளக்கின் வயரிலும் மாட்டி, சாவி போட்டு ஐந்து நொடி கழித்து அளந்தேன். முதலாவது 8 ஆம்பியர், இரண்டாவது 8, மூன்றாவது பூஜ்யம், நான்காவது 4. குளிர்ந்திருக்கும்போது சரியான ஓம் காட்டிய நான்காவது பிளக், சூடாகத் தொடங்கியதும் கை விட்டுவிடுகிறது. லேம்புக்கும் ஓம் மீட்டருக்கும் இது அகப்படாது. அவை செலுத்தும் கரன்ட் அவ்வளவு கொஞ்சம்.

நல்ல பிளக் தொடக்கத்தில் அதிகமாக இழுக்கும், 15, 20 ஆம்பியர் வரைகூடப் போகும். சூடாக ஆகத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே இரண்டு சுருள் உண்டு. நுனியில் இருப்பது சூடேற்ற. பின்னால் இருப்பது சூடு ஏறினால் தடையைக் கூட்டிக் கரன்ட்டைக் கட்டுப்படுத்த. சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அதனால் முதல் இரண்டு நொடியில் வரும் எண்ணையும் ஐந்தாவது நொடியில் வரும் எண்ணையும் ஒப்பிடாதீர்கள். நான்கு பிளக்கையும் ஒரே நொடியில், என்ஜின் ஒரே மாதிரி குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் ஒப்பிடலாம்.

சொல்லாமல் விட்டால் யாருக்காவது நஷ்டமாகிவிடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். கழற்றிய பிளக்கை வைஸில் பிடித்து நேராகப் பேட்டரியில் கொடுத்து நுனி சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. 11, 12 வோல்ட் பிளக்குக்கு அது சரி. நுனி முதலில் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து நுனி கறுப்பாகவே இருந்தால் அது தேறாது. ஆனால் இப்போது வரும் பல வண்டிகளில் 4.4, 5, 7 வோல்ட் பிளக்குகள். அவற்றுக்கு ஈசியூ துண்டு துண்டாக வெட்டித்தான் கரன்ட் கொடுக்கும். அதில் நேராக 12 வோல்ட் கொடுத்தால் சில நொடியில் நல்ல பிளக்கே செத்துவிடும். உடம்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத் தொடுங்கள். செராமிக் பிளக் என்றால் கீழே ஒரு தடவை விழுந்தாலும் திரும்பப் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, நுனி உடைந்து சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனுக்கு ஆபத்து.

டிசம்பர் 19

நான்கும் மாற்றினேன். இரண்டுதான் போயிருந்தன, ஏன் நான்கு என்று வீட்டில் கேட்டார்கள். நான்கும் ஒரே நாளில் போட்டவை, ஒரே அளவு உழைத்தவை. மீதி இரண்டுக்காக ஜனவரிக் குளிரில் மறுபடி கை மரத்துப்போக எனக்கு விருப்பமில்லை.

கழற்றுவதுதான் இதில் உண்மையான கஷ்டம். ஹீட்டர் பிளக் ஒல்லியானது, சிலிண்டர் ஹெட்டில் பத்துப் பன்னிரண்டு வருடக் கரி அதைப் பிடித்து வைத்திருக்கும். முறிந்தால் லேத் பட்டறை, சில சமயம் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற வைத்தேன். காலையில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு டார்க் ரெஞ்சு (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) போட்டேன். எம்10 (10 மி.மீ. மரை) பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்று வந்துவிட்டன. நான்காவது 30-லும் அசையவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஆயில் விட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தலைகுந்தா வரை போய்வந்தேன். திரும்பிவந்து, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, தளர்த்தும் பக்கம் ஒரு மயிரிழை என்று மாற்றி மாற்றி அசைத்ததில் கிரீச்சென்று இளகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்த நிம்மதி இருக்கிறதே!

துளைக்குள் இருக்கும் கரியை ரீமரில் கிரீஸ் தடவிச் சுரண்டி எடுத்தேன். கிரீஸில் கரி ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழாது. புதியதை முதலில் கையால் முறுக்கி, பிறகு 15 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

பழையவற்றின் நுனியைப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுங்கள். நுனி உருகியோ ஓட்டையாகியோ இருந்தால், அந்த இன்ஜெக்டர் சொட்டி டீசலைப் பிளக் மேலேயே அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அதிக நேரம் அல்லது அதிக வோல்ட்டில் எரிந்திருக்கிறது; ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். என்னுடையவை வெறும் வயதானவை.

டிசம்பர் 21

காலை 3 டிகிரி. புதிய பிளக். மூன்று தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் எடுத்தது.

முன்பு ஆறு தடவை. கொஞ்சம் தேவலை, ஆனாலும் இது சரியில்லை. உதறல் இல்லை, புகை இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 21, இரவு

பேட்டரியைச் சந்தேகித்தேன். கிராங்க் செய்யும்போது 10.4 வோல்ட் நிற்கிறது. 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் கவலை. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் டீசல் பைப்பில் காற்றுக் குமிழி இல்லை.

அப்புறம்தான் 17-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். நல்ல பிளக் இரண்டும் 8 ஆம்பியர் என்று நானே எழுதியிருக்கிறேன். நல்ல பிளக் ஐந்தாவது நொடியில் ஏன் 8 இழுக்க வேண்டும்? 11, 12 இருக்க வேண்டாமா? போன இரண்டைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்த இரண்டைக் கவனிக்கவில்லை. இப்போது நான்கும் புதியது, மொத்தம் 32. தலைக்கு அதே 8. பிளக் மாறியும் எண் மாறவில்லை என்றால் குறை பிளக்குக்கு முன்னால் இருக்கிறது.

டிசம்பர் 22

கண்டுபிடித்துவிட்டேன்.

தொப்பியைக் கழற்றாமல், பிளக்கோடு மாட்டியபடியே, அதன் ஓரமாக மீட்டர் முனையை நுழைத்துச் சாவி போட்டேன். 8.1 வோல்ட். அதே நொடியில் பேட்டரியில் 11.4. நடுவில் மூன்று வோல்ட்டுக்கு மேல் எங்கேயோ தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்துக்கொண்டு மறுமுனையை வழி நெடுக நகர்த்தினேன். ஃப்யூஸ் வரை 0.1. ரிலேக்கு உள்ளே போகும் இடம் 0.2. வெளியே வரும் வயரின் டெர்மினலைத் தாண்டியதும் 3.1. ரிலேயின் கனெக்டரை இழுத்துப் பார்த்தால் அந்த ஒரு பின் மட்டும் நீலம் பாரித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது.

3 வோல்ட்டை 32 ஆம்பியரால் பெருக்கினால் 100 வாட்டுக்கு அருகில். ஒரு குண்டு பல்பின் சூடு முழுக்க அந்தச் சின்ன டெர்மினலில் இறங்கியிருக்கிறது. பிளக்குக்குப் போன 8 வோல்ட்டில் கிடைக்கும் வெப்பமோ, 11 வோல்ட்டில் கிடைக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான்.

ஆக 9-ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரி தவறு. கழற்றிய தொப்பியில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பாரம் (கரன்ட் இழுக்கும் பிளக்) இல்லாதபோது அரித்துப்போன டெர்மினலும் முழு வோல்ட்டைக் காட்டும். தொப்பியில் டெஸ்ட் லேம்ப் வைத்தாலும் ஏமாறுவோம். 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியர்கூட இழுக்காது, அதற்கு அந்த டெர்மினல் தாராளமாகப் போதும். நான்கு பிளக்கும் மாட்டியிருக்கும்போது, சாவி போட்ட நிலையில் அளக்க வேண்டும். அப்படியே பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவிலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். எர்த் பட்டை அரித்திருந்தாலும் இதே கூத்துத்தான்.

அந்த வரியை நம்பி யாராவது 'வயரிங் சரி' என்று முடிவு செய்திருந்தால், தயவுசெய்து மறுபடி பாருங்கள்.

டிசம்பர் 24

எலக்ட்ரீஷியன் டெர்மினலை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்து கொடுத்தார். ரிலேயும் புதிது. பிளக்கில் 11.1 வோல்ட், மொத்தம் 46 ஆம்பியர். காலை 4 டிகிரியில் முதல் கிராங்கிலேயே எடுத்தது. புகை ஒரு மூச்சு மட்டும்.

டிசம்பர் 27

இங்கே டாக்சி ஓட்டும் ஒருவர் கேட்டார்: 'இவ்வளவு எதற்கு? ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் எடுத்துவிடுமே?' வேண்டாம் அண்ணே. அதில் இருப்பது ஈத்தர். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் நேரத்தில் ஈத்தர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன், ரிங், சமயத்தில் கனெக்டிங் ராடு வரை போகும். அவசரம் என்றால் செல்ஃப் அடிக்காமல் சாவியை இரண்டு மூன்று தடவை போட்டு எடுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு தடவையும் பிளக் மறுபடி சூடேறும். காலையில் வண்டி எடுத்தால்தான் உங்களுக்கு வருமானம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 6

கோத்தகிரி நண்பரின் வண்டியை நேரில் பார்த்தேன். சனிக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்தேன், அவர் வீட்டில் வரக்காபி கொடுத்தார்கள். இரவு முழுக்க நின்ற வண்டி.

நான்கு பிளக்கும் 0.7, 0.8 ஓம். பாரத்தோடு வோல்ட் அளக்கச் சாவி போட்டோம். ஒன்றுமே வரவில்லை. பூஜ்யம். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஒரு கனமான வயரால் ஐந்து நொடி நேராகத் தொட்டேன் (அவருடையது 12 வோல்ட் பிளக்தான், பார்த்துவிட்டே செய்தேன்). 47 ஆம்பியர். பிளக், வயர், எர்த் எல்லாம் சரி. உடனே செல்ஃப் அடித்தால் வண்டி எடுத்துவிட்டது!

அப்படியானால் ஈசியூ ரிலேயை இழுக்கச் சொல்லவே இல்லை. ஏன்? வண்டியை மறுபடி ஆற விட்டு எடுத்துப் பார்க்க நேரமில்லை. நாளைக் காலை எடுப்பதற்கு முன் ஸ்கேனர் போடுகிறோம்.

ஜனவரி 7

கூலன்ட் சென்சார், அதாவது கூலன்ட்டின் சூட்டை ஈசியூவுக்குச் சொல்வது. வெளியே 6 டிகிரி, இன்டேக் காற்று 7 டிகிரி என்று காட்டும் ஸ்கேனர், கூலன்ட் 61 டிகிரி என்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில்! என்ஜின் சூடாக இருக்கிறது என்று ஈசியூ நம்பினால் பிளக்கையும் எரிக்காது, குளிருக்குக் கொடுக்கும் கூடுதல் டீசலையும் கொடுக்காது. மதியம் என்ஜின் உண்மையிலேயே சூடாக இருப்பதால் பொய் தெரியாது.

பிளக் சர்க்யூட்டுக்கு உள்ள குறைக் குறியீடுகளான (கோடு) பி0380, பி0670, சிலிண்டர் வாரியாக பி0671 முதல் பி0674 வரை எதுவும் பதிவாகவில்லை. சென்சாருக்கு உள்ள குறியீடும் இல்லை. 61 டிகிரி நடக்கக்கூடிய எண்தானே, அதில் ஈசியூ தப்புக் காணவில்லை. குறியீடு இல்லை என்பதற்காகக் குறை இல்லை என்று ஆகாது.

இதில் என் மனதைக் குடைவது வேறு. டிசம்பர் 9-ஆம் தேதி அவர் எழுதிய கேள்வியைப் பாருங்கள்: 'எரிந்து உடனே அணைந்துவிடுகிறது.' உடனே! குளிர்ந்த என்ஜினில் அந்த விளக்கு சில நொடியாவது நிற்க வேண்டும். என் வண்டியில் 4 டிகிரிக்கு ஆறு நொடி நிற்கிறது. விளக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று நான்தான் எழுதினேன். பிளக்கின் நிலைமையைச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருப்பதாக ஈசியூ நம்புகிறது என்பதை அந்த விளக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை நொடி எரிகிறது என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் நண்பருக்கு ஒரு மாதக் காலைகள் மிச்சமாகியிருக்கும். அவரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டேன். 'இன்ஜெக்டர் காசு மிச்சம் சார்' என்று சிரித்தார்.

ஜனவரி 10

சென்சார் மாற்றினார்கள். சில நூறு ரூபாய். இன்று காலை கோத்தகிரியில் 7 டிகிரி, விளக்கு ஐந்து நொடி, முதல் கிராங்க். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். இத்தனை நாளாக அவருக்கு இவருடைய செல்ஃப் சத்தம்தான் அலாரமாக இருந்திருக்கிறது.

ஜனவரி 18

தொட்டபெட்டா பக்கத்திலிருந்து ஒருவர்: எடுத்த பிறகும் பிளக்கில் வோல்ட் வருகிறது, ரிலே ஒட்டிவிட்டதா என்று கேட்கிறார். பயப்பட வேண்டாம். எடுத்த பிறகும் புகையும் கடகடப்பும் குறைய, மூன்று நிமிடம் வரைகூடப் பிளக்கை எரிய விடும் வண்டிகள் உண்டு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வோல்ட் நிற்கவில்லையா, சாவியை எடுத்த பிறகும் வருகிறதா என்று பாருங்கள். சாவி எடுத்தும் வந்தால் ரிலே ஒட்டிவிட்டது. இன்றிரவே பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரியும் இருக்காது, பிளக்கும் இருக்காது. பார்த்துவிட்டு எழுதுங்கள், காலை எத்தனை டிகிரி, விளக்கு எத்தனை நொடி என்பதையும் சேர்த்து.